முந்தி வந்த மந்திரி

(நமது சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அவர்கள் என்னிடம் வந்து, "சதுரங்கத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசவேண்டும்" என்று கேட்டபோது நான் தயங்கினேன். நான் பட்டம் பெற்ற ஆட்டக்காரன் அல்லன். மாலை வேளையில் நமது வாசிகசாலை விறாந்தையில் பிள்ளைகளோடு பலகையை விரித்து வைத்துக்கொண்டு, பாதி ஆட்டத்தில் வென்று பாதி ஆட்டத்தில் தோற்று எழுந்து போகிறவன். ஆயினும், சென்ற மாதம் நம்மூர்த் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி ஒன்று என் மனத்திலே முள்ளாய்த் தைத்துக் கிடக்கிறது. அதற்கு அன்று நான் சரியாக விடை சொல்லவில்லை. இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடலாம் என்றே இந்த மேடைக்கு வந்தேன்.

அந்தத் தம்பி வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே தோற்றார். திரும்பி வந்தவர் பலகையை விரித்து ஆட்டத்தை எனக்குக் காட்டினார். காட்டிவிட்டு, "சேர், நான் குதிரையை வெளியேதானே கொண்டு வந்தேன்? காய்களைச் சீக்கிரம் வெளியே கொண்டு வா என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள்? இதில் என்ன பிழை?" என்று கேட்டார். பின்பு காய்களைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். அதன் பின் அவர் வாசிகசாலைப் பக்கம் வரவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. காய்களை வெளியே கொண்டு வா, காலத்தை வீணாக்காதே என்று படிப்பித்தவன் நான்தான். ஆனால் வெளியே கொண்டு வருவதாலேயே காலம் வீணாகும் இடமும் உண்டு என்பதை நான் படிப்பிக்கவில்லை. அந்தக் குறையை இன்று தீர்க்கப் பார்க்கிறேன்.

காய்களின் பெயரில் குழப்பம் வேண்டாம். இந்தியாவிலும் பாரசீகத்திலும் வழங்கிய பழைய ஆட்டத்தில் அரசனுக்குப் பக்கத்தில் நின்றவர் அமைச்சர். அவர் குறுக்கே ஒரு கட்டம் மட்டும் நகர்வார். ஐரோப்பியர் அந்தக் காயை அரசியாக்கி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலகை முழுவதும் ஓடும் வல்லமையைக் கொடுத்தனர். இன்று நாம் மந்திரி என்று சொல்வது கோணலாக ஓடும் காயை. அரசன், அரசி, மந்திரி, குதிரை, கோட்டை, காலாள் என்ற ஆறு பெயர்களும் நினைவில் நின்றால் போதும்.

சதுரங்கத்தில் காலம் என்பது மணிக்கூடு காட்டும் காலம் அன்று. ஒருவர் ஆடினால் மற்றவர் ஆடவேண்டும், ஆளுக்கொரு முறை. அந்த ஒரு முறைதான் அங்கே காலத்தின் அளவு. ஒரே காயை இரண்டு முறை நகர்த்தி ஒரே கட்டத்துக்குக் கொண்டு வந்தவன் ஒரு முறையை இழந்தான். எதிரி காலாளைத் தள்ளி விரட்ட, ஓடி ஒளியும் காயை உடையவனும் ஒரு முறையை இழந்தான். விரட்டியவனுக்கோ அந்த முறை இலாபம்.

இதற்கு நம்மூரிலே யாவரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. பேசாலையிலோ தலைமன்னாரிலோ தொழிலுக்குப் போகிறவர் என்ன செய்வார்? வலை, கயிறு, தண்ணீர்க் குடம் எல்லாம் ஏறிய பின்னரே வள்ளத்தைத் தள்ளுவார். எல்லோருக்கும் முந்திவிடவேண்டும் என்று வள்ளத்தை முதலில் தண்ணீரில் இறக்கிவிட்டு, வலையை எடுக்க வீட்டுக்கு ஓடுகிறவரைப் பார்த்தால் கரையில் நிற்கும் சிறுவனும் சிரிப்பான். வள்ளம் தண்ணீரில் இறங்கியது உண்மை. ஆனால் காலம் மிச்சமாயிற்றா? இல்லை. அலை வந்து வள்ளத்தைப் புரட்டாமல் விட்டதே அவர் செய்த புண்ணியம்.

சதுரங்கப் பலகையிலே இவ்வாறு வள்ளத்தை முந்தி இறக்காதவர் யாரும் இல்லை. நானும் இறக்கியவன்தான். பள்ளிப் பருவத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளி, உடனே அரசியைப் பலகையின் ஓரம் வரை ஓட்டுவது. அடுத்ததாக மந்திரியைக் கொண்டு வந்து, எதிரியின் அரசன் அருகே நிற்கும் காலாளை வெட்டி நான்காவது முறையில் மேட் சொல்லிவிடலாம் என்று நினைப்பு. தெரியாத பிள்ளைகளிடம் பலித்தது. தெரிந்த ஒருவன் எதிரே அமர்ந்தான். முதலில் அரசி பக்கத்துக் குதிரையை எடுத்தான். பின் ஒரு காலாளை ஒரு கட்டம் தள்ளி என் அரசியை விரட்டினான். நான் அரசியைப் பின்வாங்கி மீண்டும் மேட் மிரட்டினேன். அவன் மற்றக் குதிரையை எடுத்து வழியை அடைத்தான். நான்கு முறை முடிந்தது. அவனுடைய இரண்டு குதிரைகளும் வெளியே நிற்கின்றன. என் அரசி இரண்டு முறை ஓடிக் களைத்து, என் குதிரை வரவேண்டிய கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். மன்னார்ப் பட்டினத் தெருவின் நடுவில் நிற்கும் கழுதையைப்போல அவள் தானும் போகாள், பிறரையும் போகவிடாள்.

அது பேராசையால் வந்த பிழை, கண்டவுடன் தெரியும். நம் தம்பி செய்தது அத்தகையதன்று. நல்ல பிள்ளை நல்ல எண்ணத்தோடு செய்த பிழை அது. ஆகையால் அதனைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

தம்பிக்கு வெள்ளைக் காய்கள். இருவரும் அரசன் காலாளை இரண்டு கட்டம் தள்ளினர். தம்பி அரசன் பக்கத்துக் குதிரையை எடுத்து எதிரியின் காலாளைத் தாக்கினார். எதிரி அரசி பக்கத்துக் குதிரையால் அதைக் காத்தான். தம்பி மந்திரியை எடுத்து நடுப் பலகையை நோக்கி வைத்தார். இதுவரை பழுதில்லை, இத்தாலிய ஆட்டம் என்று பல நூற்றாண்டுகளாக வழங்கி வருவது இதுவே. எதிரி இரண்டாவது குதிரையையும் எடுத்தான். அது தம்பியின் நடுக் காலாளைத் தாக்குகிறது. இப்பொழுது அதைக் காக்கவேண்டும். தம்பி தம் இரண்டாவது குதிரையை எடுத்தார். ஒரு காய் வெளியே வந்தது, காலாளும் காக்கப்பட்டது, ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று அவர் எண்ணினார். யார்தான் எண்ணமாட்டார்?

ஆனால் எதிரி அந்தக் காலாளைக் குதிரையால் வெட்டினான். தம்பிக்குத் திகைப்பு. "காத்து வைத்த காலாளை வெட்டுகிறானே, குதிரையை இனாமாகத் தருகிறானா?" இனாம் அன்று. தம்பி குதிரையால் அதை வெட்டினால், எதிரி அரசிக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளுவான். அந்த ஒரு காலாள் ஒரு பக்கம் மந்திரியையும் மறுபக்கம் குதிரையையும் தாக்கும். இரண்டையும் ஒருங்கே காப்பாற்ற முடியாது. மந்திரி பின்வாங்கும், காலாள் குதிரையை வெட்டும், மந்திரி திரும்பி வந்து காலாளை வெட்டும். கணக்குப் பார்த்தால் காயில் நட்டமில்லை. ஆனால் அந்த மந்திரி மூன்று முறை நகர்ந்துவிட்டது. ஆசையோடு எடுத்து வைத்த குதிரை பலகையிலேயே இல்லை. முதலில் ஆடுபவன் என்ற உரிமையால் வெள்ளைக்கு இருந்த சிறு நன்மை கைவிட்டுப் போயிற்று.

இதோடு நின்றிருந்தால் ஆட்டம் சமமாகவே நடந்திருக்கும். ஆனால் தம்பி பதறிவிட்டார். குதிரையை வெட்டுமுன், மந்திரியால் அரசன் அருகே நின்ற காலாளை வெட்டிச் செக் சொன்னார். அரசன் மந்திரியை வெட்டினான். பிறகுதான் தம்பி குதிரையை வெட்டினார். அப்போதும் அதே காலாள் இரண்டு கட்டம் வந்து குதிரையை விரட்டியது. எதிரியின் அரசன் இனிக் கோட்டை கட்ட முடியாது என்பது மெய்தான். ஆனால் நடுப் பலகை முழுவதும் அவன் கையில். இரண்டு மந்திரிகளும் அவனுக்கு உண்டு. தம்பியின் செக் சத்தமாக ஒலித்தது. பயன் ஒன்றும் தரவில்லை. பதறிய காரியம் சிதறும் என்று நம் பெரியோர் சொன்னது இதைத்தான்.

அவ்விடத்தில் ஆடியிருக்கவேண்டிய ஆட்டங்களில் ஒன்று, அரசிக்கு முன்னுள்ள காலாளை ஒரே ஒரு கட்டம் தள்ளி நடுக் காலாளுக்கு முட்டுக் கொடுப்பது. அதில் ஒரு காயும் வெளியே வராது. பார்ப்பதற்குச் சோம்பலான ஆட்டம். ஆனால் அந்தக் காலாளை வெட்ட வருகிற குதிரையைக் காலாளே வெட்டிவிடும்.

இனி, தம்பி மனம் சோர்ந்து பெட்டியை மூடினாரே, அவருக்காக வேறொருவரின் கதையைச் சொல்கிறேன்.

கடலுக்கு அக்கரையில், மயிலாடுதுறையில் 1969 ஆம் ஆண்டு டிசம்பர் 11 இல் பிறந்தவர் விசுவநாதன் ஆனந்த். தாயாரிடம் சதுரங்கம் பயின்றவர். அவருக்கு முன்னே தமிழ் நாட்டில் வழி வெட்டி வைத்தவர் மானுவல் ஆரோன். அவர் 1961 இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர் ஆனார். 1962 இல் ஸ்டாக்ஹோமில் போர்ட்டிஷ், உல்மன் ஆகிய பேராட்டக்காரர் இருவரையும் வென்றார். 1972 இல் சென்னைச் சோவியத் கலாசார நிலையத்தில் தாலின் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கியது. சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகியது அங்கேதான். 1987 இல் அவர் உலக இளையோர் வெற்றிவீரர் ஆனார். 1988 இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட் மாஸ்டர் ஆனார்.

அதே 1988 இல், சுவிற்சர்லாந்தின் பீல் நகரில், கொலம்பியா நாட்டுக் கிராண்ட் மாஸ்டர் அலொன்சோ சபாத்தாவுடன் அவர் ஆடினார். ஆனந்துக்குக் கறுப்பு. அந்த ஆட்டம் ஆறாவது முறையோடு முடிந்தது. தோற்றவர் ஆனந்த்.

எப்படி என்று கேட்பீர்கள். இருவரும் அரசன் காலாளை இரண்டு கட்டம் தள்ளினர். வெள்ளை குதிரையை எடுத்துக் கறுப்பின் காலாளைத் தாக்க, கறுப்பும் தன் காலாளைக் காக்காமல் குதிரையை எடுத்து வெள்ளையின் காலாளைத் தாக்கியது. பெத்ரோவ் என்ற உருசியரின் பெயரால் வழங்கும் தற்காப்பு இது. வெள்ளை காலாளை வெட்டியது. இங்கே கறுப்பு அவசரப்பட்டு உடனே பதிலுக்கு வெட்டினால், வெள்ளை அரசி தன் அரசனுக்கு முன்னுள்ள கட்டத்துக்கு வந்து நேர்கோட்டில் நிற்பாள். தாக்கப்பட்ட குதிரை தப்பி ஓடினால், வெள்ளைக் குதிரை விலகி அரசிக்குச் செக் வழியைத் திறந்து, அதே பாய்ச்சலில் கறுப்பு அரசியையும் தாக்கும், அரசி போய்விடுவாள். இந்தக் கண்ணியை ஆனந்த் நன்கு அறிவார். ஆகவே முதலில் ஒரு காலாளை ஒரு கட்டம் தள்ளி வெள்ளைக் குதிரையை விரட்டினார். அது பின்வாங்கிய பின்னரே காலாளை வெட்டினார். முறையான ஆட்டம்.

ஐந்தாவது முறையில் சபாத்தா தம் மற்றக் குதிரையை எடுத்து, நடுவில் நின்ற கறுப்புக் குதிரையைத் தாக்கினார். இப்போது என்ன செய்வது? குதிரைக்குக் குதிரை வெட்டலாம். ஆனால் அந்தக் கறுப்புக் குதிரை ஏற்கெனவே இரண்டு முறை நடந்தது. வெட்டினால் மூன்றாவது முறை. நடந்து நடந்து சென்று, ஒரே முறை நகர்ந்த குதிரையோடு மடிவது நட்டம் அன்றோ? பதிலுக்கு வெட்டும் வெள்ளைக் காலாள் விலகுவதால் வெள்ளை மந்திரிக்கும் அரசிக்கும் வழியும் திறக்கும். கணக்கிலே இது காலத்தை இழக்கும் ஆட்டம். மாறாக, மந்திரியை எடுத்துக் குதிரைக்குப் பின்னே காவலாக நிறுத்தினால் ஒரு காய் வெளியே வரும், குதிரையும் காக்கப்படும். மீண்டும் ஒரு கல், இரண்டு மாங்காய்! நம் தம்பியின் எண்ணமும் கிராண்ட் மாஸ்டரின் எண்ணமும் ஒன்றாகிவிட்டதைக் கவனியுங்கள்.

ஆனந்த் மந்திரியை எடுத்தார். சபாத்தா அரசியைத் தம் அரசனுக்கு முன்னே ஒரு கட்டம் நகர்த்தினார். ஆட்டம் முடிந்தது.

அந்த நேர்கோட்டின் ஒரு முனையில் வெள்ளை அரசி. மறு முனையில் கறுப்பு அரசன். நடுவே கறுப்புக் குதிரை. அது விலகினால் அரசனுக்குச் செக். ஆகவே அது அசையக் கூடாது. அதைத் தாக்குவோர் குதிரையும் அரசியுமாக இருவர்; காப்பவர் மந்திரி ஒருவரே. காலாளை முன்தள்ளிக் காவலைக் கூட்டினால், வெள்ளையும் ஒரு காலாளைத் தள்ளிக் கட்டுண்ட குதிரையைத் தாக்கும். அரசியை எதிரே கொண்டு வந்து காத்தால், வெள்ளைக் குதிரை பாய்ந்து அந்த அரசியையே விரட்டும். எவ்வழியாலும் ஒரு காய் போகும். மூன்றாவது முறையில் ஆனந்த் தப்பிய அதே கண்ணி, அதே அரசி, அதே கட்டம், ஆறாவது முறையில் மீண்டும் வந்து அவரைப் பிடித்தது. குதிரைக்குக் குதிரை வெட்டும் அந்த "நட்டமான" ஆட்டமே இன்றும் பெரியோர் ஆடும் ஆட்டம்.

இன்னும் ஒன்று. அந்த மந்திரி ஆட்டத்தை ஆனந்த் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. 1987 இல் சான் பிரான்சிஸ்கோவில் மைல்ஸ், கிறிஸ்ரியன்சன் என்ற இரு கிராண்ட் மாஸ்டர்கள் ஆடிய ஆட்டத்தில் கறுப்பு அதை ஆடியிருந்தது. அங்கே வெள்ளை அரசியை நகர்த்தாமல் குதிரையை வெட்டியது; ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அந்த ஆட்டம் அச்சிலும் வந்தது. அதை நம்பியே ஆனந்த் ஆடினார் என்று சதுரங்க எழுத்தாளர் கூறுவர். பெரியவர் இருவர் ஆடியது, அச்சில் வந்தது, தோல்வியும் இல்லை. பின் என்ன பயம் என்று தோன்றுவது இயல்பு. இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் காணும் ஆட்டங்களும் அவ்வாறே. பிறர் ஆடித் தண்டனை பெறவில்லை என்பதால் ஓர் ஆட்டம் நல்லதாகிவிடாது. தண்டிக்கவேண்டியவர் அன்று தண்டிக்கவில்லை, அவ்வளவே.

திருவள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அது 49 ஆவது. அதற்கு முன்னே 47 ஆவதாகத் தெரிந்துசெயல்வகையையும் 48 ஆவதாக வலியறிதலையும் வைத்தார். அதற்குப் பின் 50 ஆவதாக இடனறிதலை வைத்தார். அரசர்க்குச் சொன்ன அந்த வரிசை பலகையில் நிற்கும் அரசனுக்கும் பொருந்துகிறது. காலத்தை மட்டும் எண்ணி, செய்யும் வகையையும் தாக்குவோர் காப்போர் வலியையும் நிற்கும் இடத்தையும் மறந்தால், மிச்சம் பிடித்த காலமும் போய்விடும்.

ஆகவே தம்பிமாரே, ஒரு காயை வெளியே எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் வைக்கப்போகும் இடத்திலிருந்து என் காயை ஒரு சிறு காலாள் விரட்ட முடியுமா? நான் காத்துவிட்டேன் என்று நினைக்கும் காயைத் தாக்குவோர் எத்தனை பேர், காப்போர் எத்தனை பேர்? என் அரசன் நிற்கும் கோடு திறந்து கிடக்கிறதா? மூன்றுக்கும் விடை கண்ட பின் கையை நீட்டுங்கள். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது கடற்கரை மக்களுக்கு நான் சொல்லித் தரவேண்டிய பாடம் அன்று.

நம் அவசரத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1990 இல் நின்ற தலைமன்னார் இரயில் 2015 இல்தான் மீண்டும் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள்! காலத்தை அவ்வளவு இழந்த ஊரார் பிள்ளைகளைப் பார்த்து, "ஓடு, முந்து, வெளியே போ" என்று சொல்வது இயல்புதான். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அந்தச் சொல்லே தம்பியின் கையைத் தள்ளியது என்று இப்போது நினைக்கிறேன். இழந்த காலத்தை ஓட்டத்தால் பிடிக்க முடியாது. இனி வரும் ஒவ்வொரு முறையையும் பார்த்து ஆடினால், இருக்கிற காலமாவது நம் கையில் நிற்கும்.

ஆறு முறையில் தோற்ற ஆனந்த் பெட்டியை மூடினாரா? இல்லை. 2000 ஆம் ஆண்டில் உலக வெற்றிவீரர் ஆனார். 2007 இல் மெக்சிக்கோவிலும், 2008, 2010, 2012 ஆம் ஆண்டுகளில் கிராம்னிக், தொப்பலோவ், கெல்பாண்ட் ஆகியோரை எதிர்த்தும் அந்தப் பட்டத்தை வென்றார். அவர் வழியைப் பார்த்து வளர்ந்த சென்னைப் பிள்ளை குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகப் பட்டம் பெற்றபோது வயது 18. பீல் நகரில் ஆறு முறையில் தோற்றபோது ஆனந்துக்கும் வயது 18தான். அந்த வயதில் வெற்றியும் தோல்வியும் ஒரே பலகையின் இரு பக்கங்கள்.

அந்தத் தம்பி இன்று பின்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லி அவரைக் கூச்சப்படுத்தமாட்டேன். தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: குதிரையை வெளியே கொண்டு வந்தது பிழையன்று, வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று பாராததே பிழை. அதில் பாதி என்னுடையது, ஏனெனில் நான் பாதிப் பாடத்தைத்தான் படிப்பித்தேன். மறு பாதியை நாளை மாலை ஐந்து மணிக்கு வாசிகசாலை விறாந்தையில் படிப்போம். பலகையை நான் கொண்டு வருகிறேன். வெள்ளைக் காய்கள் உங்களுக்கு.